வரைபடத்தில் ஏழு கல்லறை

பெத்தி ஆன்ஸ், கரியாக்கூ தீவு
8 பிப்ரவரி 1988

தம்பி கத்பர்ட்டுக்கு,

அம்மாவின் கல்லறையை வேலிக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆறு வருஷமாக எழுதாதவள் சுகம்கூட விசாரிக்காமல் இப்படித் தொடங்குகிறாளே என்று நினைப்பாய். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மாவின் சாவுக்கு நீ வரவில்லை என்ற கோபமும் தீரவில்லை. இப்போதைக்கு அதை ஓரமாக எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

விஷயம் இது. பழைய எஸ்டேட்டை ஓர் ஓட்டல் கம்பெனி வாங்கியிருக்கிறது. மலைச்சரிவில் தொடங்கி அலை நனைக்கும் இடம் வரை பெத்தி ஆன்ஸ் கரை முழுவதும் தங்களுடையது என்கிறார்கள். போன திங்கட்கிழமை கம்பி வேலி போட்டார்கள். வேலி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் யார் தெரியுமா? போகிள்ஸ் ஊர் ஓஸ்பெர்ட். அவனுடைய ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் கேக் செய்தவளே நான்தான்.

"பாஸ் இல்லாம உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க மிஸ் இஸ்மே. நான் என்ன பண்றது?" என்கிறான்.

"என் கேக்கத் தின்னப்போ உன் வாய் பாஸ் கேட்டுச்சாடா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டானே தவிர வாசலைத் திறக்கவில்லை.

உன் அத்தான் அல்ஃபியஸ் கட்டிக்கொண்டிருக்கும் படகும் உள்ளே மாட்டிக்கொண்டது. அடிக்கட்டை போட்டு விலாச் சட்டங்கள் வரை ஏற்றியாகிவிட்டது. தினமும் காலையில் உளிப் பையைத் தூக்கிக்கொண்டு போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். பேசுவதில்லை. அவர் எப்போதுமே பேசமாட்டார் என்று உனக்குத் தெரியும். இப்போது சாப்பிடுவதும் இல்லை.

மே பத்தொன்பதாம் தேதி ஹில்ஸ்பரோ கோர்ட்டில் விசாரணை. எஸ்டேட் கைமாறிய பத்திரம் 1954இல் எழுதியது. அதற்கு முன்பே கரையில் கல்லறை இருந்ததாகக் காட்டிவிட்டால் கல்லறையும், அதற்குப் போகும் பாதையும், பாதை முடியும் கரையும் ஊருக்கே சொந்தம் என்று எங்கள் வக்கீல் டங்கன் சொல்கிறார். ஆனால் அம்மாவைப் புதைத்தது 82இல். ஜானெட் புயலில் செத்தவர்களைப் புதைத்தது 55இல். இவர்கள் யாரும் கணக்கில் வரமாட்டார்களாம்.

நீ அனுப்பிய போட்டோவில் பார்த்தேனே, உன் வீட்டு முன்னறையில் ரேடியோகிராம் பெட்டிக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாயே, நம் கடற்கரையின் சர்வே வரைபடம், அது வேண்டும். 53இல் சர்வேக்காரர் ஹார்க்னஸ் துரைக்கு நீதான் அளவைச் சங்கிலி பிடித்தாய். அந்தத் தாளின் ஓரத்தில் களப்பணி நடந்த வருஷம் 1953 என்று அச்சாகியிருக்கிறது. பெத்தி ஆன்ஸில் ஏழு சின்னச் சிலுவைக் குறிகள், கல்லறை என்பதற்காகப் போட்டவை. இங்கே கவர்மென்ட் ஆபீசில் நான் முன்பு பார்த்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. கம்பெனி கையில் இருப்பது புது வரைபடம். அதில் சிலுவைகள் இல்லை.

வரைபடத்தை அனுப்பு. கூடவே, "நான் அங்கே இருந்தேன், கல்லறைகளைப் பார்த்தேன்" என்று இரண்டு வரி சத்தியம் செய்து எழுதி அனுப்பு. பதில் போடு. போன் செய்யாதே. போன் ஒடெஸ்ஸா கடையில்தான் இருக்கிறது. நான் ஹலோ சொன்னால் ஊரே ஹலோ சொல்லும்.

அக்கா இஸ்மே


ஹட்டர்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்து
24 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. நீயும் அத்தானும் ஆண்டவர் கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேவிஸ் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். இங்கே பனி இன்னும் விடவில்லை. சாயப்பட்டறையில் ஆட்குறைப்பு செய்வார்கள் என்று பேச்சு அடிபடுகிறது.

நீ கேட்ட விஷயம். வரைபடத்தை அனுப்பும் நிலையில் நான் இல்லை. சட்டத்தைச் சுவரோடு சேர்த்துத் திருகி வைத்திருக்கிறேன். கழற்றினால் சுவரில் ஒட்டிய தாள் கிழியும். முப்பது வருஷத்துக்கு மேல் பழையது, தபாலில் போனால் என்ன ஆகும் என்றும் சொல்ல முடியாது. தவிர, அது மிகச் சிறிய அளவில் வரைந்த வரைபடம். கோர்ட் அதை ஏற்றுக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சத்தியம் செய்து எழுதித் தருவதைப் பற்றி. நான் எங்கள் சபையில் டீக்கன். பைபிளின் மேல் கை வைத்துச் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பார்த்ததை இன்று உறுதியாகச் சொல்வது சரியாகாது.

எனக்கு ஒரு யோசனை. அம்மாவை ஹில்ஸ்பரோ கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றிவிடலாம். ஆகும் செலவு முழுவதும் என்னுடையது. பாதிரியாருக்கு நானே எழுதுகிறேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் விஷயம் முடியும்.

அம்மாவின் சாவுக்கு வராததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

உன் தம்பி
கத்பர்ட்

பி.கு. உன் கடிதம் வந்ததிலிருந்து நான் முன்னறையில் உட்காருவதில்லை. சமையலறையில் நின்றுகொண்டே தேநீர் குடிக்கிறேன். ஏன் என்று மேவிஸ் கேட்கிறாள். முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன்.


பெத்தி ஆன்ஸ்
9 மார்ச் 1988

கத்பர்ட்,

அம்மாவை மாற்றிவிடலாமா? அம்மா என்ன அலமாரியா, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளிப் போடுவதற்கு? "தக்க மரியாதையுடன் இடம் மாற்றித் தருகிறோம்" என்று கம்பெனி வக்கீலும் இதையேதான் எழுதியிருக்கிறார். நீயும் அவர்களும் ஒரே ஆளிடம் யோசனை கேட்கிறீர்களோ?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் படைக்க வேண்டிய நாள். சோளமாவுக் களியும் துவரையும் கொஞ்சம் கருவாடும் தட்டில் வைத்து, ரம் சீசாவை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பிக்கு அடியில் தவழ்ந்து போனேன். ஐம்பத்தைந்து வயதில்! பாவாடை கிழிந்தது, முழங்கையில் ரத்தம். ஓஸ்பெர்ட் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அவனிடமும் ஏதோ கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கிறது. அம்மாவின் தலைமாட்டில் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சர்வே கல் ஒன்று அவள் காலடியில் நட்டிருக்கிறது. கம்பெனியின் நீச்சல் குளம் அங்கேதான் வரப்போகிறதாம்.

திரும்பி வரும்போது கடை வாசலில் ஒடெஸ்ஸா நின்றாள். என் கிழிந்த பாவாடையைப் பார்த்துவிட்டு, நாலு பேர் கேட்கும்படி சொன்னாள்.

"யாருக்காக இந்தப் பாடு படறே இஸ்மே? நாங்க கத்தினா அர்த்தம் இருக்கு, எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு. நீ போனா கரைக்கு யாரு வரப்போறா? குட்டி போடாத கோவேறு கழுதைக்கு எதுக்குத் தொழுவம்?"

கோவேறு கழுதை. முப்பது வருஷமாகக் கேட்கிறேன், புதிதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் இந்தத் தடவை வீட்டுக்கு வந்து ஒரு வேலை ஓடவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன். அல்ஃபியஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சரி, நீ விஷயத்துக்கு வா. சுவர்த்தாள் கிழியும் என்று எழுதியிருக்கிறாயே, ஓஸ்பெர்ட்கூட அதை நம்பமாட்டான். டீக்கன் என்கிறாய். டீக்கன் நிஜமான காரணத்தை எழுதட்டும். இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. அதில் பாதியை ஆகாய விமானத் தபாலே தின்றுவிடும்.

இஸ்மே


ஹட்டர்ஸ்ஃபீல்ட்
27 மார்ச் 1988

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. சபைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இதோ, பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

அந்த ஏழும் கல்லறை இல்லை.

அந்தக் காலத்தில் அப்பாவும் சில்வன் கேப்டனும் செயின்ட் பார்ட்ஸ் தீவிலிருந்து பாய்மரப் படகில் என்ன கொண்டுவந்தார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விஸ்கிப் பெட்டிகளைக் கடல் திராட்சை மரங்களுக்குக் கீழே மணலில் புதைத்து, மேலே மேடு கட்டி, சுற்றிலும் சங்கு பதித்து வைப்பார்கள். சுங்கக்காரன் வந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்விடுவான். நம் ஊரில் கல்லறையைத் தோண்டத் துணிகிறவன் யார்?

53இல் ஹார்க்னஸ் துரையோடு நான் கரை நெடுகச் சங்கிலி இழுத்து வந்தேன். எனக்குப் பதினேழு வயது. நல்ல உச்சிவெயில். அவர் நின்றார். கைத்தடியை நீட்டினார்.

"அது என்ன மேடு, கத்பர்ட்?"

அப்பாவின் ஆட்கள் நாலு பேர் வலை பின்னுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கையும் அசையவில்லை.

"கல்லறைங்க துரை," என்றேன்.

"பாவம். யாரோடது?"

வாயில் வந்த பெயரையெல்லாம் சொன்னேன். சில்வன், டைட்டஸ், பிரின்ஸ். எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். அதில் இரண்டு பேர் அங்கேயே வலையோடு உட்கார்ந்திருந்தார்கள். துரை தொப்பியைக் கழற்றினார். விஸ்கிப் பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றார். நானும் நின்றேன். பிறகு பலகையில் தாளை வைத்து, ஒவ்வொரு மேட்டையும் அளந்து, பென்சிலால் ஏழு சிலுவை போட்டார். அன்றைக்கு அப்பா ஊரைக் கூட்டிவைத்துச் சிரித்தார். "எம்மவன் பதினேழு வயசுலயே ஏழு பேரப் பொதைச்சிட்டான்!" என்றார். நானும் சிரித்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 55இல் ஜானெட் புயல் அடித்தது. மலைப்பாதை சரிந்து சர்ச்சுக்கு வழி அடைபட்டது. பிணங்களை எங்கே புதைப்பது என்று கேட்டபோது, ஆபீசில் இருந்தவர் சுவரில் மாட்டியிருந்த துரையின் பென்சில் வரைவைப் பார்த்தார். "பெத்தி ஆன்ஸ்ல ஏற்கெனவே கல்லறை இருக்கே, அங்கயே வைங்க," என்று சொல்லிவிட்டார். பதினொரு பேரை வைத்தார்கள். என் பொய்யை நம்பி வைத்தார்கள். அடுத்த வருஷம் நான் கப்பல் ஏறினேன். வேலைக்காகப் போகிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

அச்சான தாளைத் துரை இங்கே எனக்கு அனுப்பிவைத்தார். பெருமைக்கு மாட்டியிருப்பதாக மேவிஸ் நினைக்கிறாள். பெருமை இல்லை, அக்கா. தினமும் பார்த்துத் திட்டு வாங்கிக்கொள்ளத்தான் மாட்டினேன். அம்மாவையும் அங்கேதான் வைக்கப் போகிறோம் என்று நீ தந்தி கொடுத்தபோது, விமான டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. நான் உண்டாக்கிய பொய்யான மண்ணில் அம்மாவை இறக்குவதை நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதும் பொய்தான்.

இப்போது அதே பொய்யை பைபிள் மேல் கை வைத்துச் சொல்லச் சொல்கிறாய். எப்படிச் சொல்வேன்?

கத்பர்ட்


பெத்தி ஆன்ஸ்
12 ஏப்ரல் 1988

தம்பி,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கோழிகளைத் திட்டுகிறேன். ஹில்ஸ்பரோவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டுப் பாதி வழியில் இறங்கி நடந்தே திரும்பினேன். இப்போதும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

விஸ்கிக் கதையை எனக்குச் சொல்கிறாயே, பைத்தியக்காரா. அந்தச் சங்குகளைப் பொறுக்கிப் பதித்தவளே நான்தான்.

ஆனால் நீ எண்ணவில்லை. அப்பா வைத்தவை ஆறுதான்.

நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும், அவளும் போய்விட்டாள். 52இல் அல்ஃபியஸ் அரூபா தீவுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வேலைக்குப் போனார் இல்லையா? அவர் போனபோது நான் முழுகாமல் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. மவுண்ட் பிளசன்ட் சித்தி வீட்டில் ஒத்தாசைக்கு இருக்கிறேன் என்று சொல்லி, அம்மா என்னை அங்கே மறைத்து வைத்தாள். ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. பிறக்கும்போதே மூச்சு இல்லை. ஆண் குழந்தை. தலை நிறைய முடி. நகம்கூட முளைத்திருந்தது.

ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்குச் சர்ச்சு மண் கிடையாது. கொல்லையில் வைத்தால் நாய் தோண்டும், ஊரும் தோண்டும். அன்றைக்கு வின்ட்வர்ட் ஊரில் புதுப் படகு ஒன்றைக் கடலில் இறக்குகிறார்கள். மேளம், ஆட்டுக்கறி, ரம், ஊர் முழுக்க அங்கே. பட்டப்பகலில் பெத்தி ஆன்ஸ் கரையில் ஒரு குஞ்சு இல்லை. அம்மா மாவு மூட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் சுவரைப் பிடித்து நடக்கிற நிலையிலும் பின்னாலேயே வந்தேன். அப்பாவின் ஆறு மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மஞ்சினீல் மரத்துக்குக் கீழே வைத்தோம். அந்த மரத்தின் பால் பட்டால் கொப்புளம் போடும், அதனால் யாரும் அங்கே மண்வெட்டி கொண்டுபோக மாட்டார்கள். மற்ற மேடுகளுக்கு வைத்த மாதிரியே சங்கு வைத்தேன். பார்த்தவர்களெல்லாம் அதுவும் விஸ்கி என்றே நினைத்தார்கள். தன் ஆறு ஏழானது அப்பாவின் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஒரு நாளும் கேட்கவில்லை. தோண்டவும் இல்லை.

அல்ஃபியஸ் திரும்பி வந்தார், கல்யாணம் ஆயிற்று. இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு இன்னொன்று பிறந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். இன்னொன்று பிறக்கவே இல்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? "உனக்கு ஒன்று இருந்தது, நான் சொல்லவில்லை" என்றா? ஒடெஸ்ஸா கோவேறு கழுதை என்கிறபோதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்வேன். தன்னால்தான் பிள்ளை இல்லை என்று அல்ஃபியஸ் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே அவருக்குச் சோறு போடுகிறேன். நான் எவ்வளவு கல்நெஞ்சக்காரி பார்.

என்னை அவன் பக்கத்தில் வை என்று அம்மா கேட்டுக்கொண்டாள். அதனால்தான் அங்கே வைத்தேன். நீ நினைத்தது போல உன் பொய் மண்ணில் இல்லை.

வரைபடம் பேசிவிட்டால் நான் பேச வேண்டாம் என்று இருந்தேன். இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குத் துரையிடம் நீ சொன்னதில் ஒன்று உண்மை. அந்த ஒன்றுக்காக எழுது. என் பெயரை மட்டும் எழுதாதே.

அக்கா


ஹட்டர்ஸ்ஃபீல்ட்
2 மே 1988

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்று படித்தேன். பிறகு முன்னறைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். மேவிஸ் ஓடி வந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

திருகுகளைக் கழற்றி வரைபடத்தை இறக்கினேன். சுவர்த்தாள் கிழிந்தது, நீ சிரிப்பாய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறு சிலுவைகள் கரையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. ஏழாவது உள்ளே தள்ளி, தனியாக, ஒரு மரக் குறிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முப்பது வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன், அது தனியாக இருப்பது ஒரு நாளும் கண்ணில் படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னைப் பற்றித்தான்.

அம்மாவை மாற்றலாம் என்று எழுதியதற்கு மன்னித்துவிடு.

இங்கே ஒரு வக்கீல் முன்னால் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. முழுவதையும் எழுதியிருக்கிறேன். ஆறு மேடுகள் கல்லறை இல்லை, கடத்தி வந்த விஸ்கிப் பெட்டிகள், அப்பாவுடையவை, துரையிடம் நான் பொய் சொன்னேன் என்று எழுதினேன். ஏழாவது, பத்திரத்துக்கு முன்பே புதைத்த ஒரு குழந்தையின் கல்லறை என்று நம்பத்தகுந்தவர் மூலம் அறிகிறேன் என்று எழுதினேன். யாருடைய குழந்தை என்று எழுதவில்லை. பாதியை மறைத்துவிட்டுச் சத்தியம் செய்ய எனக்கு வரவில்லை, அக்கா. ஒரு தடவை செய்ததற்கே முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

வரைபடத்தைத் தகரக் குழாயில் போட்டு வக்கீல் டங்கனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பத்திரத்தை இந்த உறையிலேயே உனக்கு வைத்திருக்கிறேன், அவருக்கு அனுப்பவில்லை. கொடுப்பதும் அடுப்பில் போடுவதும் உன் கையில். நீ அடுப்பில் போட்டாலும் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

தம்பி கத்பர்ட்


பெத்தி ஆன்ஸ்
29 மே 1988

தம்பி,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. வேலியைப் பிரித்துவிட்டார்கள். கல்லறை, பாதை, இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே இருக்கும் கரை, மூன்றும் ஊருக்கு. கம்பியைச் சுருட்டியவன் ஓஸ்பெர்ட்தான். "நான் அப்பவே சொன்னேன்ல மிஸ் இஸ்மே?" என்கிறான். எப்போது சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

உன் பத்திரத்தை எட்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். முதல் நாள் படித்ததும் அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். உன்னைத் திட்டிய திட்டை எழுதினால் தபால்காரரே கொளுத்திவிடுவார். கோர்ட்டுக்கும் அதை எடுத்துக்கொண்டுதான் போனேன், கொடுப்பதற்காக இல்லை. வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பயமாக இருந்தது.

வக்கீல் டங்கன் வரைபடத்தை மேசையில் விரித்தார். எல்லாரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நம் கரை, நம் பாறை, அப்பாவின் படகுத்துறை, எல்லாம் அச்சில். கம்பெனி வக்கீல் தன் புது வரைபடத்தைப் பக்கத்தில் விரித்தார்.

"இதுல சிலுவையே இல்லைங்க ஐயா. முதல்ல தப்பாப் போட்டதை அப்புறம் திருத்தியிருக்காங்க. வேறென்ன?" என்றார்.

நீதிபதி டங்கனைப் பார்த்தார். டங்கன் திரும்பி என்னைப் பார்த்தார். "உங்க தம்பிகிட்டேருந்து எதுவும் வரலையாம்மா?"

என் பக்கத்தில் ஒடெஸ்ஸா. மூன்றாவது வரிசையில் அல்ஃபியஸ், சட்டைக் கையில் மரத்தூளோடு. வேலி போட்ட பிறகும் அவர் வீட்டுக்குப் பின்னால் சும்மா எதையாவது இழைத்துக்கொண்டே இருந்தார். கை அதுவாகவே பையைத் திறந்து பத்திரத்தை எடுத்து நீட்டிவிட்டது.

டங்கன் வாசித்தார். விஸ்கி என்றதும் கோர்ட் முழுக்கச் சிரிப்பு. நீதிபதியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க தாத்தாவோட சரக்கு எத்தனை பெட்டின்னும் போட்டிருக்கா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஏழாவது மேட்டுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"ஆறு பொய்னு அவரே ஒத்துக்கிட்டாரு. ஏழாவதுக்கு அம்மா யாருன்னு தெரியாது, பேரு தெரியாது. யாரோ சொன்னாங்களாம். இதுவும் ஒரு விஸ்கிக் கதைதாங்க ஐயா."

நீதிபதி கூட்டத்தைப் பார்த்தார். "இந்தக் குழந்தையைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

என் பிள்ளையை விஸ்கிக் கதை என்கிறான், தம்பி. அதன் பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும் ஐயா. நான்தான் அம்மா," என்றேன்.

சொன்னேன். உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். மாவு மூட்டைத் துணி, மஞ்சினீல் மரம், சங்கு. ஒடெஸ்ஸா பக்கம் நான் திரும்பவில்லை. அல்ஃபியஸ் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை. மறுநாள் காலையில் நீதிபதி கரைக்கே வந்தார். வரைபடத்தை எனக்குக் காட்டாமல் தன் கையில் வைத்துக்கொண்டு, "போய் நில்லுங்கம்மா," என்றார். நான் போய் நின்றேன். பாறை முனையிலிருந்து நாடா பிடித்து அளந்தார்கள். தனியாக இருக்கும் சிலுவைக்கும் நான் நின்ற இடத்துக்கும் வித்தியாசம் இல்லை. தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதெல்லாம் மறுநாள் நடந்தது.

கோர்ட்டில், நான் பேசி முடித்ததும் கிளார்க் பேனாவை எடுத்தார்.

"குழந்தை பேரு?"

"வைக்கலைங்க."

"ஏதாவது எழுதணுமேம்மா. பேரில்லைன்னு போட்டுக்கவா?"

மூன்றாவது வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அல்ஃபியஸ் எழுந்து நின்றார். தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார். கோர்ட், நீதிபதி யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

"ஆம்பளப் புள்ளையா?"

"ஆமா," என்றேன்.

பிறகு கிளார்க் பக்கம் திரும்பினார். ஒரு வருஷத்தில் பேசுகிற பேச்சை அன்றைக்குப் பேசினார்.

"பேரில்லைன்னு போடாதீங்க. அல்ஃபியஸ்னு எழுதுங்க. அல்ஃபியஸ் பெத்தெல். எங்க ஊர்ல மூத்தவனுக்கு அப்பன் பேருதான்."

கிளார்க் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். அவர் ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகச் சொன்னார்.

அக்கா இஸ்மே